ஆபத்து வேளைக்கென்று வைத்த கருவிகள்

(திருவனந்தபுரம் கிளை அங்கத்தினர்கள் பொன்முடியில் கூடிய குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் கோட்டையிலிருந்து பஸ் கிளம்பி, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தோம். பாதி மலையில் என் பக்கத்து ஸீட்டுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது. அதன் பாட்டி ஒரு மிட்டாயை வாயில் போட்டு, "முழுங்குடா கண்ணா, சரியாப் போயிடும்" என்றாள். சரியாகவும் போயிற்று. பாட்டி செய்தது சுத்தமான பௌதிகம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1100 மீட்டர். சங்குமுகம் கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இங்கே குறைவு. காதுக்குள் இருக்கும் காற்றுக்கு அது தெரிகிறது. விழுங்கினால் வழி திறக்கிறது.

செயலாளர் என்னிடம் "ஸயன்ஸ் சம்பந்தமா அரை மணி பேசுங்கோ" என்று கேட்டபோது, விமானப் பராமரிப்பில் நேரும் தவறுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். முகம் சுளித்தார். "பிக்னிக் வந்த இடத்திலே மங்களகரமா ஏதாவது பேசப்படாதா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சங்கத்தில் யார் வீட்டை எடுத்துக்கொண்டாலும் பிள்ளையோ பெண்ணோ துபாயிலோ, ஸிங்கப்பூரிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். எழுபது வயசுக்கு மேல் பிரசவம் பார்க்கவும், பேரனுக்குப் பூணூல் போடவும் ஆகாயத்தில் போய் வருகிற கூட்டம் நாம். கொஞ்சம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. தவிர, இதில் என் சொந்த விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் விமானத் துறையில் இருந்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்தில் கோப்பு பார்த்தவன். என் மருமான் ஒருவன் விமானப் பராமரிப்பு எஞ்சினியர், லைசென்ஸ் உள்ளவன். அவனை நச்சரித்துத் தெரிந்துகொண்டது பாதி, படித்தது பாதி.

2025 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஏர் இந்தியாவின் மூன்று ஏர்பஸ் விமானங்கள், அவசரகாலத்தில் இறங்கும் ஸ்லைடுகளின் பரிசோதனைக் கெடு கடந்த பிறகும் பறந்திருக்கின்றன என்று டி.ஜி.சி.ஏ. கண்டுபிடித்து, நிறுவனத்துக்கு எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஒரு விமானத்தில் பரிசோதனை ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகி மே 15-இல்தான் நடந்தது. அதற்குள் அந்த விமானம் துபாய், ரியாத், ஜெத்தா என்று போய் வந்திருக்கிறது. உள்நாட்டில் ஓடிய இன்னொன்றில் மூன்று மாதத்துக்கும் மேல் தாமதம். மூன்றாவதில் இரண்டு நாள். ஒரு கேஸ் எப்படி வெளியே வந்தது தெரியுமோ? பராமரிப்பு வேலையின்போது ஒரு எஞ்சினியர் கைத்தவறுதலாக ஸ்லைடை விரியவைத்துவிட்டார். அதனால் தெரிந்தது என்று நிறுவனமே சொன்னது. எல்லா விமானங்களின் பராமரிப்புப் பதிவுகளையும் துரிதமாகச் சரிபார்க்கிறோம் என்றும் சொன்னார்கள். இந்த நோட்டீஸ் ஆமதாபாத் விபத்துக்குச் சில நாள் முன்பே போனது. அந்த விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு மருமானுக்கு ஃபோன் பண்ணினேன். "இரண்டு நாள், ஒரு மாசம் தாமதமானா என்னடா குடி முழுகிப் போச்சு?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "மாமா, எஞ்சின் சரியில்லேன்னா பைலட் அரை மணியிலே சொல்லிடுவார். ஏ.ஸி. வேலை செய்யலேன்னா பாஸஞ்சர் கத்துவா. ஸ்லைடு சரியில்லேன்னா யார் சொல்லப் போறா? அது பாட்டுக்கு பேசாம உட்கார்ந்திருக்கும். அது சரியா இருக்குங்கறதுக்குப் பரிசோதனைச் சீட்டைத் தவிர வேற சாட்சி கிடையாது."

அடுத்த தடவை விமானத்தில் ஏறும்போது கதவின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தொப்பை மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள்தான் ஸ்லைடு மடித்து வைத்திருக்கிறது. புறப்படுமுன் பணிப்பெண்கள் கதவை 'ஆர்ம்' செய்வார்கள். அதாவது, ஸ்லைடின் முனையில் இருக்கும் ஓர் உலோகத் தண்டு தரையோடு கோர்க்கப்படும். அந்த நிலையில் கதவைத் திறந்தால் ஸ்லைடு வெளியே விழும், ஸிலிண்டர் திறக்கும், உள்ளே பாயும் வாயு வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு பத்து விநாடிக்குள் அதை ஊதிப் பெரிதாக்கிவிடும். ஸிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தாலோ, வருஷக்கணக்கில் மடிந்து கிடந்த துணி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, பார்த்தால் தெரியாது. அதனால்தான் சில வருஷங்களுக்கு ஒரு முறை கழற்றிப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். விமானம் செய்யும் கம்பெனி, கதவுகளில் பாதியை மட்டும் உபயோகித்து 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்றிக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 ஆகஸ்ட் 3 அன்று நம் திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. 282 பயணிகள், 18 ஊழியர்கள், ஆக 300 பேர். அவர்களில் 226 பேர் இந்தியர்கள். நம்மில் சிலருக்குத் தெரிந்த குடும்பங்களும் இருந்திருக்கலாம். அன்று பராமரிப்புக் குறை எதுவும் காரணமில்லை. ஆனால் அடித்த காற்றும், விமானம் சாய்ந்து கிடந்த வாகும் சேர்ந்து, பல ஸ்லைடுகளைத் தூக்கி விமானத்தின் உடம்போடு ஒட்டிவிட்டன. பத்துக் கதவுகள் இருந்தும், சரியாக நின்ற சில ஸ்லைடுகளில்தான் ஜனங்கள் இறங்க வேண்டியிருந்தது. 90 விநாடிக்குப் பதில் சுமார் ஏழு நிமிஷம் ஆயிற்று. அதற்குச் சிறிது நேரம் கழித்து நடு டாங்க் வெடித்தது. 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைக்க வந்த ஒரு வீரர் உயிரை விட்டார். அந்த ஏழு நிமிஷத்தில் நம்மவர்கள் மேலே இருந்த பெட்டியையும் லாப்டாப்பையும் தேடிக்கொண்டிருந்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பெட்டியைத் தேடுகிற ஜாதிதான். இருந்த ஸ்லைடுகளில் இன்னும் இரண்டு, கெடு தாண்டியதால் விரியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது பிராணவாயு. நாம் 35,000 அடியில் பறந்தாலும், விமானத்துக்குள் அழுத்தத்தை ஏறத்தாழ ஊட்டி உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். அது கெட்டு, உள்ளே 14,000 அடிக்குச் சமமாகிவிட்டால், அதாவது கேதார்நாத்தை விட உயரத்துக்குப் போய்விட்டால், மேலிருந்து முகமூடிகள் விழும். முகமூடியை இழுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார்கள் இல்லையா? அந்த இழுப்பில்தான் ஒரு ஊசி விடுபட்டு, மேலே இருக்கும் டப்பாவில் ரசாயன மாற்றம் ஆரம்பமாகிறது. பல விமானங்களில் பயணிகளுக்கு ஆக்ஸிஜன் ஸிலிண்டர் கிடையாது. டப்பாவுக்குள் இருப்பது சோடியம் குளோரேட். சூடானால் பிராணவாயுவை விட்டுவிட்டுச் சமையல் உப்பாகிவிடும். ஒரு டப்பா சுமார் 12 முதல் 15 நிமிஷம் வரும். அதற்குள் பைலட் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். வெகு புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரே தொல்லை, டப்பாவின் வெளிப்பக்கம் 200 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் கொதிக்கும்.

1996 மே 11 அன்று அமெரிக்காவில் மயாமியிலிருந்து கிளம்பிய வாலுஜெட் விமானம் பத்து நிமிஷத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் போனார்கள். அந்தக் கம்பெனி வேறு சில பழைய விமானங்களை வாங்கி, ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அங்கே ஆயுள் முடிந்த ஆக்ஸிஜன் டப்பாக்களைக் கழற்றினார்கள். கழற்றினால் ஒவ்வொன்றின் ஊசி முனைக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மூடி கடையில் கைவசம் இல்லை. வேலைச் சீட்டில், மூடி போடும் வரிக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்துவிட்டது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட டப்பாக்களை ஐந்து அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, 'காலி' என்று எழுதி, பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் டயர்களோடு ஏற்றினார்கள்.

இங்கேதான் விஷயம். காலாவதி ஆனது வேறு, காலியானது வேறு. தேதி முடிந்துவிட்டது என்று கழற்றியவற்றில் பெரும்பாலானவற்றில் ரசாயனம் அப்படியே இருந்தது. ஏதோ ஒரு குலுக்கலில் ஓர் ஊசி அடித்தது. அந்தச் சரக்கு அறை காற்றுப் புகாதபடி அமைந்தது. தீப்பிடித்தால் பிராணவாயு இல்லாமல் தானே அணைந்துவிடும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். அதனால் புகை கண்டறியும் கருவிகூட வைக்கவில்லை. ஆனால் இந்தத் தீ தன் பிராணவாயுவைத் தானே கொண்டுவந்திருந்தது. எந்த டப்பா பயணிகள் மூச்சுவிடுவதற்கென்று செய்யப்பட்டதோ அதுவே அவர்களைக் கொன்றது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கெமிஸ்ட்ரியில் குளோரேட் பாடம் படிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

2005 ஆகஸ்ட் 14-இல் ஸைப்ரஸின் ஹீலியோஸ் விமானம். முதல் நாள் இரவு பின்கதவில் சத்தம் என்று புகார் வர, தரை எஞ்சினியர்கள் காற்றழுத்தச் சோதனை செய்தார்கள். அதற்காக அழுத்தம் கட்டுப்படுத்தும் குமிழைக் கையால் இயக்கும் நிலைக்குத் திருப்பினார்கள். திரும்பத் தானியங்கிக்குத் திருப்பவில்லை. பைலட்டுகளும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை மணியை வேறு எதற்கோ அடிக்கிறது என்று நினைத்தார்கள். பின்னால் முகமூடிகள் விழுந்தன, முன்னால் பைலட்டுகள் மயங்கினார்கள். விமானம் எரிபொருள் தீரும்வரை தானாகப் பறந்து ஏதென்ஸ் அருகே விழுந்தது. 121 பேர்.

நம் பக்கத்திலும் உண்டு. 1998 ஜூலை 30 அன்று அகத்தியிலிருந்து கொச்சி வழியாகத் திருவனந்தபுரம் வரவேண்டிய டார்னியர் விமானம், கொச்சியில் கிளம்பியவுடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு கடற்படைக் கட்டடத்தின் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்களும், தரையில் மூன்று பேரும் போனார்கள். வால் பகுதியில் ஒரு தாங்கியைப் பிடிக்க வேண்டிய விசேஷ ஆணிகள் போடப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அது ஆபத்துக் கருவி அல்ல, என் தலைப்புக்குள் வராது. ஆனாலும் நம் ஊருக்கு வரவேண்டிய விமானம். சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இப்போது என் விஷயம். 1984. ஒரு சர்க்கார் ஆபீஸில் கட்டட மேற்பார்வையும் என் பொறுப்பில் இருந்தது. எட்டுத் தீயணைப்பான்கள். சிவப்புக் கூம்பு வடிவத்தில் சுவரில் தொங்கும் பழைய சோடா-அமில வகை. தலைப்பிலுள்ள குமிழை இடித்தால் உள்ளே கந்தக அமிலக் குப்பி உடைந்து, சோடாக் கரைசலோடு சேர்ந்து, கரியமில வாயு உண்டாகி, தண்ணீரைப் பீச்சும். ரசாயனம் படித்தவனுக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கான்டிராக்டர் ஆள் வந்து தூசி தட்டி, பெயின்ட் அடித்து, தேதிச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவான். ரெஜிஸ்தரில் 'பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று எட்டு வரி. எட்டுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவேன். மூன்று வருஷம் அப்படிப் போட்டேன். ஒரு தடவைகூட ஒன்றையும் திறந்து காட்டச் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் ரிகார்டு ரூமில் மின்கசிவு. பியூன்தான் முதலில் பார்த்தார். ஓடிப்போய் ஒன்றை எடுத்து இடித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் வரவில்லை. பிறகு கோணிச் சாக்கை நனைத்துத் தானே உள்ளே போனார். தீ அணைந்தது. அவர் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. மறுநாள் திறந்து பார்த்ததில், எட்டில் ஐந்தில் அமிலக் குப்பியே இல்லை. வெறும் தண்ணீர்.

விசாரணை வந்தது. என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். 'ரெஜிஸ்தரின்படி அனைத்தும் குறித்த தேதிகளில் பரிசோதிக்கப்பட்டுள்ளன' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கான்டிராக்டரை மாற்றினார்கள், கோப்பு மூடப்பட்டது. மூன்று மாதம் அந்த மனிதர் இடது கையால் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. 2011-இல் காலமாகிவிட்டார். வாலுஜெட்டில் மூடி போட்டதாகக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கைப் பற்றிப் படித்தபோது, அவரைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. கடையில் மூடி இல்லை, விமானத்தைச் சீக்கிரம் முடித்துத் தர வேண்டிய அவசரம், பக்கத்து வரிகளில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த அவசரம்கூட இருக்கவில்லை. இதை வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை. வீட்டிலேயே சொன்னதில்லை.

ரெஜிஸ்தர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி இப்படி நடக்காது என்று சிலர் நினைக்கலாம். 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு காணாமல் போன மலேசிய விமானம் எம்.ஹெச். 370 ஞாபகம் இருக்கும். ஐந்து இந்தியர்களும் அதில் இருந்தார்கள். கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறு ஒலிக்கருவி இருக்கும். தண்ணீர் பட்டால் விநாடிக்கு ஒரு முறை 'டிக்' என்று ஒலி எழுப்பும். சாதாரணமாக 30 நாள் தாங்கும். 2015-இல் வந்த விசாரணை அறிக்கை, அந்த விமானத்தின் தகவல் பதிவுக் கருவியோடு இருந்த ஒலிக்கருவியின் பாட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியானது என்று சொன்னது. 2008-இல் அந்தப் பதிவுக் கருவியை மாற்றியபோது கம்ப்யூட்டரில் விவரத்தைச் சரியாக ஏற்றவில்லை. ஆகவே பாட்டரி மாற்ற வேண்டிய நாளை அது ஞாபகப்படுத்தவே இல்லை. பைலட்டுகள் பேச்சைப் பதியும் இன்னொரு கருவியின் பாட்டரி தேதிக்குள்தான் இருந்தது. பாட்டரி நன்றாக இருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தேடும் இடமே தெரியவில்லையே.

இதற்கு நேர்மாறாக நம் கடலில் நடந்தது. 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல்படை டார்னியர் விமானம் மூன்று பேரோடு மறைந்தது. கடலூர்ப் பக்கத்துக் கடலில் கப்பல் கப்பலாகத் தேடினார்கள். ஜூலை 6 அன்று ஸிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அந்த ஒலிக்கருவியின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கணக்குப் பாருங்கள், 28-ஆவது நாள். நான்கே நாளில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவியை எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர், எப்போதோ ஒரு நாள், அந்தப் பாட்டரியின் தேதியைப் பார்த்து ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அந்த மூன்று குடும்பங்களுக்கும் காரியம் செய்ய ஒரு முடிவாவது கிடைத்தது. 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படை விமானத்தில் இருந்த 29 பேரின் குடும்பங்கள் 2024 ஜனவரி வரை, ஏழரை வருஷம், காத்திருந்தன. கடைசியில் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3400 மீட்டர் ஆழத்தில் அதன் துண்டுகளைப் படம் எடுத்தது.

பயணிகளாகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஸ்லைடைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஸீட்டுக்கு அடியில் கைவிட்டு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். அதை ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போகிற மகானுபாவர்கள் உண்டு. இல்லையென்றால் உடனே சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். கடலில் இறங்க நேர்ந்தால் விமானத்துக்குள்ளேயே அதை ஊதிவிடக் கூடாது. 1996-இல் கொமரோஸ் தீவருகே எத்தியோப்பிய விமானம் கடலில் விழுந்தபோது, உள்ளேயே ஊதிக்கொண்டு கூரையில் மாட்டி இறந்தவர்கள் உண்டு. உங்கள் ஸீட்டிலிருந்து முன்னாலும் பின்னாலும் அவசரக் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவித்தான் போக வேண்டும்.

இன்னொரு சமாசாரம். காலையில் பஸ்ஸில் ஏறியதும், டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் இருந்த தீயணைப்பானைப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. முள் பச்சைக்குள் இருக்கிறது. ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் கெடு முடிந்து நாலு மாசம் ஆகிறது. டிரைவரிடம் காட்டினேன். "அது ஆரும் நோக்காறில்லா ஸாரே" என்றார், சிரித்துக்கொண்டே. செயலாளர் பஸ் சொந்தக்காரருக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார். கல்லாறில் புதுசு ஒன்று தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அதுவரை 22 வளைவும் இறங்க வேண்டும். நான் டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது சின்னவர்கள் ஒருவர் என் பக்கத்தில் உட்காருங்கள். பின்னை எடுத்து எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லித் தருகிறேன்.

இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் கை காட்டுகிறார்.